சைட் ஸ்டாண்டா, லெக் கார்டா, லைட் போஸ்டா? திருகோணமலையில பைக்க நிப்பாட்டிட்டுப் போறவைக்கு

என்ட டிஸ்கவர் பைக் இதுவரைக்கும் மூண்டு தரம் விழுந்திருக்கு, மூண்டு தரமும் நான் அதில ஏறியே இருக்கேல்ல. ஒருக்கா மெயின் வீதியில கடையொண்டுக்கு முன்னால வான் ஒண்டு ரிவர்ஸ் எடுக்கேக்க, ஒருக்கா மார்க்கெட் பக்கம் மரக்கறி மூட்டையோட திரும்பின த்ரீவீல், மூண்டாவது ஆரெண்டே தெரியாது, சாமான் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தா பைக் சரிஞ்சு பெற்றோல் ஒழுகிக்கொண்டு கிடக்கு, கிளச் லீவர் பாதியக் காணேல்ல. 2020 மார்ச்சில இலங்கையில வாகன இறக்குமதிய நிப்பாட்டினாப் பிறகு பழைய பைக்குக்கே என்ன விலை வந்தது எண்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அதில இருந்து நான் இந்த விசயத்தில கொஞ்சம் விசரன் மாதிரித்தான். கராஜ் பாஸ், மச்சான்மார், ஒபிஸ் தம்பிமார் எண்டு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னாங்கள், முக்கால்வாசி செய்து பார்த்தாச்சு.

முதல்ல ஸ்டாண்ட் சண்டை. டபுள் ஸ்டாண்ட்தான் பலம் எண்டு எல்லாரும் சொல்லுவினம், நானும் கன காலம் நம்பினன். நேரா நிக்கும், இடம் கொஞ்சமாத்தான் பிடிக்கும், அது சரி. ஆனா பக்கத்தால தட்டினா அது எந்தப் பக்கமும் சாயும், பின்னால இருந்து இடிச்சா இன்னும் மோசம், நாங்க ஸ்டாண்டில இருந்து இறக்குறதே முன்னுக்குத் தள்ளித்தானே, வானின்ட பம்பரும் அதையேதான் செய்யுது. சைட் ஸ்டாண்டும் பைக் முன்னுக்கு உருண்டா மடங்கும்தான், ஆனா பின்சில்லு நிலத்தில இருக்கிறதால ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு விட்டா லேசில உருளாது. டபுள் ஸ்டாண்டில பின்சில்லு அந்தரத்தில, கியர் போட்டும் பிரயோசனம் இல்ல. அதால என்ட ஓட்டு சைட் ஸ்டாண்டுக்கு, கியர்ல போட்டு, ஹாண்டில இடப்பக்கம் திருப்பி. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணல்ல நிப்பாட்டினா மட்டும் கதை வேற, ஸ்டாண்ட் மெல்ல மெல்லப் புதைஞ்சு ஒருத்தரும் தட்டாமலே விழும், நான் ஒரு சின்னப் பலகைத் துண்டு பைக்கில வச்சிருக்கிறன்.

ஹாண்டில் லொக் பற்றியும் சொல்லோணும். களவுக்கு நல்லது, ஆனா கோணேசர் கோயிலடியில வெள்ளிக்கிழமை நெருக்கத்தில லொக் போட்ட பைக்க ஆரும் தள்ளி வைக்கேலாது, இழுத்துப் பார்ப்பாங்கள், பிறகு விட்டிட்டுப் போவாங்கள், விடுற நேரம் அது எந்த நிலையில நிக்குதோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆக்கள் நிக்கிற இடமெண்டா லொக் இல்லாம விடுறது பைக்குக்கு நல்லது, தனிய இருட்டில விடுறதெண்டா லொக் போடத்தான் வேணும், ரெண்டையும் ஒண்டாப் பெறேலாது.

இப்ப உண்மையான விசயம், இடம். இதுக்கு ஒரு ரூபாவும் செலவில்ல, ஆனா மற்ற எல்லாத்தையும் விட இதுதான் வேலை செய்யுது எண்டு நான் அடிச்சுச் சொல்லுவன். ரிவர்ஸ் எடுக்கிறவன் பைக்குக்குப் பயப்படமாட்டான், பைக் விழுந்தா எங்கட சிக்னல் லைட் உடையும், அவன்ட பம்பருக்கு ஒரு கீறல் வந்தாலே பெரிசு. அவன் பயப்படுறது லைட் போஸ்டுக்கு, மதகுக் கட்டுக்கு, மரத்துக்கு. அப்ப பைக்க அந்த போஸ்டுக்கு ஒட்டினாப்போல, வாகனம் வாற பக்கத்துக்கு போஸ்ட் முன்னால நிக்கிற மாதிரி விடோணும். நிண்டுகொண்டிருக்கிற காருக்குப் பின்னால விடவே கூடாது, குந்தி இருக்கிற பிள்ளை மாதிரி பைக் கண்ணாடிக்குள்ள தெரியாது, எங்கட முதலாவது வான் கதை அதுதான். காருக்கு முன்னால விட்டா குறைஞ்சது ட்ரைவர் ஏறேக்க கண்ணால காண்பான். கடைக்கு முன்னால பைக் வரிசை இருந்தா நடுவில விடுறதா ஓரத்தில விடுறதா எண்டு கேட்பினம். ஓரம் எண்டா லொறி முதல்ல தட்டுறது உங்களைத்தான், நடு எண்டா முதலாவது விழுந்து சீட்டுக்கட்டு மாதிரி எல்லாம் சரிய நீங்களும் சேர்ந்து விழுவீங்க, பக்கத்துப் பைக்காரன்ட ஹாண்டில் டாங்கியில கோடு போடுறது வேற. நான் வரிசைய விட்டு ஐம்பது அடி தள்ளி விட்டிட்டு நடக்கிறன். எங்கட ஊரில ஐம்பது அடி நடக்கச் சொன்னா ஆக்களுக்குக் கோவம் வருது, கடைப் படியிலயே பைக்க ஏத்தப் பார்க்கிறாங்கள்.

லெக் கார்ட், அதுதான் எஞ்சினுக்கு முன்னால ரெண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிக்கிற கம்பி, நல்ல சாமான்தான், நான் போட்டிருக்கிறன். விழுந்தா எஞ்சின் கவரையும் டாங்கியையும் காப்பாத்தும், லீவரையும் கண்ணாடியையும் காப்பாத்தாது, ஆக்கள் இத மறந்திடுறாங்கள். லீவருக்கு பாஸ் சொல்லித் தந்த வேலை வேற: லீவர் பிடிக்கிற க்ளாம்ப் நட்ட முழுசா இறுக்காம, கையால கொஞ்சம் பலமாத் திருப்பினா திரும்புற அளவுக்கு விட்டா, விழேக்க லீவர் முறியாமச் சுத்தும். மூண்டாம் தரம் விழ முதல் இது தெரிஞ்சிருந்தா ஒரு லீவர் மிச்சம். கார்ட் வாங்கிறதெண்டா குரோம் பூசின இரும்ப எடுக்காதீங்க, எங்கட உப்புக் காத்துக்கு மினுக்கம் கனநாள் நிக்காது, துருப்பிடிக்காத ஸ்டீல் கொஞ்சம் கூட விலை எண்டாலும் அதை எடுங்க. அகலமான கார்ட் வேண்டாம், அதிலயே த்ரீவீல் கொழுவி இழுத்துக்கொண்டு போகும்.

ராத்திரிக்கு, கவரா ரிஃப்ளெக்டர் டேப்பா எண்டா யோசிக்கவே தேவையில்ல. கறுப்புக் கவர் போட்ட பைக் ரோட்டோரம் வெறும் நிழல், பின் ரிஃப்ளெக்டரையும் சேர்த்து மூடிப்போடும், கச்சான் காத்துக்கு பாய்மரம் மாதிரி இழுக்கவும் செய்யும், உள்ள ஈரம் நிண்டு துருவும் பிடிக்கும். மட்காட்டில ரெண்டு சாண் சிவப்பு டேப் ஒட்டினாக் காணும். கவர் வீட்டு முத்தத்துக்கு மட்டும்.

அலார்ம் வீண். ஹோர்ன் அடிச்சாலும் கத்தும், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கிறேல்ல.

இன்சூரன்ஸ் கடைசி. தேர்ட் பார்ட்டி சட்டப்படி எல்லாரும் போட வேணும், ஆனா எங்கட தேர்ட் பார்ட்டி எங்கட பைக்குக்கு ஒண்டும் தராது, இடிச்சவன்டதுதான் தரோணும், அதுக்கு அவன் ஆரெண்டு தெரியோணும். ஓடிப்போனவனுக்கு நம்பரும் இல்ல, க்ளெய்மும் இல்ல. ஃபுல் இன்சூரன்ஸ் எண்டா உங்கட ஆக்களே தருவாங்கள், ஆனா லீவரும் கண்ணாடியும் மாதிரிச் சின்னச் சேதத்துக்கு க்ளெய்ம் போட்டா, க்ளெய்ம் எடுக்காம இருந்ததுக்குக் கிடைக்கிற போனஸ் போகும், கணக்குப் பார்த்தா கைக்காசுதான் லாபம். புதுப் பைக்குக்கு ஃபுல், என்னட மாதிரிப் பழசுக்கு தேர்ட் பார்ட்டியும் கடைக் கமெரா தெரியிற இடத்தில விடுறதும் போதும். இடிச்சவன் நிண்டா முதல்ல நம்பர் பிளேட்டும் பைக்கும் ஒண்டாத் தெரியிற மாதிரிப் போட்டோ எடுங்க, பிறகு தூக்குங்க, தூக்கின பிறகு "முதலே உடைஞ்சிருந்தது அண்ண" எண்டு கதை மாறும்.

நான் இப்ப வழமையா விடுறது ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால, அங்க விடத் தொடங்கினாப் பிறகு ஒருத்தரும் தட்டேல்ல, மேல இருக்கிற காகங்கள்தான் பிரச்சினை, சீட்டுக்குக் கீழ ஒரு பழந்துணி வச்சிருக்கிறன்.