பொடி விதைக்கு எது பொருந்தும்: முள்படலா, உருளையா, விதைப்புக் கருவியா?

கேழ்வரகு விதை ஒன்றைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ஆயிரம் விதை சேர்ந்தாலும் சுமார் 3 கிராம்தான் இருக்கும். குதிரைமசால் என்ற தீவனப் பயிரின் விதை இன்னும் பொடி, ஆயிரத்துக்குச் சுமார் 2 கிராம். முளை மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வரும்வரை அந்தப் பொடிக்குள் இருப்பதுதான் அதற்குக் கட்டுச்சோறு. ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விழுந்த விதை வந்துவிடும். ஐந்து சென்டிமீட்டர் கீழே போன விதை பாதி வழியிலேயே தீர்ந்துபோகும். மேலேயே கிடந்தாலோ ஒரு வெயிலில் காயும், இல்லையென்றால் எறும்பு இழுத்துப் போகும். எந்தக் கருவியை வாங்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம் என்று யோசிக்கிறவர்கள் இந்த ஒரு சென்டிமீட்டரை மனதில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

செலவே இல்லாத வழி, விதையைத் தூவிவிட்டு முள்படலோ (முள்கிளைகளைச் சேர்த்துக் கட்டியது) கம்பிவலையோ கட்டி இழுப்பது. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். ரோட்டவேட்டர் ஓட்டி மண்ணைப் பொலபொலவென்று ஆக்கி, தூவி, இழுத்து முடித்தபோது வயல் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளை. டிராக்டர் திரும்பிய ஓரத்தில் மட்டும் சக்கரம் பதிந்த இரண்டு தடத்தில் பச்சை வரிகட்டி நின்றது. விதையும் மண்ணும் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். சக்கரத் தடத்தில் மண் விதையோடு ஒட்டியிருந்தது, மற்ற இடத்தில் ஒட்டவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

முள்படல் மண்ணை விதைமேல் தள்ளும், ஆனால் அழுத்தாது. புழுதியாக இருக்கும் மண்ணில் காற்று இடைவெளி அதிகம். விதை அந்த வெற்றிடத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் சுற்றியுள்ள ஈரம் அதற்குள் போக வழியில்லை. இன்னொரு தொல்லை, இளகிய மண்ணில் விதை எவ்வளவு ஆழம் போகும் என்பது நம் கையில் இல்லை. ஒன்று மேலே நிற்கும், பக்கத்தில் இருப்பது கட்டிகளின் இடுக்கில் விரல் நீளம் இறங்கிவிடும்.

அடுத்தது, டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வழவழப்பான உருளை. தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் உருளை என்றால் எடையைக் கூட்டிக் குறைக்கலாம். 60 செ.மீ. விட்டம், 120 செ.மீ. நீளமுள்ள உருளைக்குள் சுமார் 340 லிட்டர் பிடிக்கும், அதாவது தண்ணீர் மட்டுமே 340 கிலோ. அழுத்தும் வேலையை இது நன்றாகவே செய்யும். சின்னக் கற்களையும் மண்ணுக்குள் தள்ளிவிடுவதால் தீவனம் அறுக்கும்போது கத்திக்கு அடி குறையும்.

ஆனால் உருட்டி முடித்த வயல் தளம் போட்டது மாதிரி ஆகிவிடும். அதன்மேல் ஒரு கனமழை பெய்து, பிறகு வெயில் அடித்தால் வண்டல் கலந்த மண் ஓடு கட்டிக்கொள்ளும். பொடி விதையின் முளைக்கு அந்த ஓட்டை உடைக்கும் தெம்பு கிடையாது. சரிவான நிலமாக இருந்தால் தண்ணீர் நிற்காமல் ஓடும், விதையையும் சேர்த்துக்கொண்டு போகும். மணற்பாங்கான சமநிலத்துக்கு இது போதும். மற்ற இடத்தில் கடைசியாக வயலில் இறங்கும் கருவியாக இது இருக்கக் கூடாது.

வரி உருளை வேறு ரகம். ஓரம் கூர்மையான இரும்பு வளையங்களை ஒரே அச்சில் நெருக்கமாகக் கோத்தது. உருண்டு போகும்போது கட்டிகளை நொறுக்கி, மண்ணில் சின்னச் சின்ன வாய்க்கால் மாதிரி வரி போட்டுவிடும். தூவிய விதையில் பெரும்பகுதி அந்தப் பள்ளங்களில் உருண்டு விழும். மேட்டிலிருந்து சரியும் கொஞ்சம் மண் அதை மூடும். அடியில் இறுக்கம், மேலே பொடிமண். கீழிருக்கும் ஈரம் ஏறி வரும், மேல்பரப்பு ஓடாகவும் இறுகாது. பெய்த மழையும் பள்ளத்தில் சற்றுத் தங்கும். அதனால் சரிவுக்குக் குறுக்கே ஓட்டுவது முக்கியம்.

ஆனால் உருளையை வாங்கிய பலரும் அதைப் பாதி வேலைக்குத்தான் பயன்படுத்துகிறார்கள். தூவிய பிறகு ஒரு தடவை உருட்டிவிட்டு, முளைப்பு சரியில்லை என்கிறார்கள். தூவுவதற்கு முன்பும் ஒரு தடவை உருட்ட வேண்டும். என்னைக் கேட்டால் அந்த முதல் உருட்டல்தான் பெரிது. அதில்தான் விதை இறங்கும் ஆழம் தீர்மானமாகிறது. உருட்டிய வயலில் நடந்து பாருங்கள். காலடி ஒரு சென்டிமீட்டருக்குமேல் பதிந்தால் மண் இன்னும் இளகித்தான் இருக்கிறது, மறுபடி உருட்டுங்கள். பிறகு விதையை மணலோடு கலந்து, பாதியை நெடுக்காகவும் மீதியைக் குறுக்காகவும் தூவி, இரண்டாவது தடவை உருட்டுங்கள். வேகம் மணிக்கு 5, 6 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். முடித்ததும் குனிந்து நாலைந்து இடத்தில் விரலால் கிளறினால் பாதி நகத்தின் ஆழத்திலேயே விதை தென்பட வேண்டும். அங்கங்கே ஒன்றிரண்டு மேலே தெரிந்தால் பதற வேண்டாம், அவையும் மண்ணோடு ஒட்டித்தான் இருக்கும்.

களிமண்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செருப்பில் மண் அப்பும் பதத்தில் எந்த உருளையையும் இறக்காதீர்கள். வளையங்களுக்கு நடுவே மண் அடைத்துக்கொள்ளும், விதையும் அதோடு பிய்ந்து வரும், வயலும் இறுகிக் கெட்டுப்போகும். ஒருநாள் காத்திருப்பதில் நஷ்டமில்லை. பாரமான உருளையைச் சிறிய டிராக்டரில் கட்டிச் சரிவில் இறக்குவதும் ஆபத்து. உருளைக்குத் தனி பிரேக் இல்லை, பின்னாலிருந்து வண்டியையே தள்ளும்.

கொழுவால் மண்ணைக் கீறி வரிசையாக விதை போடும் விதைப்புக் கருவி இவை எல்லாவற்றையும்விடத் துல்லியமானது. ஆழமும் இடைவெளியும் சீராக வரும், விதையும் குறைவாகப் பிடிக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம், வரிசை கிடைப்பது. வரிசை இருந்தால் இடையில் களைக்கருவி ஓட்டிக் களையெடுக்கலாம். தூவி உருட்டிய வயலில் அது முடியாது, கையால் பிடுங்க வேண்டியதுதான். எள், கேழ்வரகு மாதிரி எண்ணெய்க்காகவோ தானியத்துக்காகவோ வளர்க்கும் பயிரில், அதிலும் களை மண்டும் நிலத்தில், விதைப்புக் கருவியே மேல். ஆனால் பொடி விதைக்கென்று தனிப் பெட்டி இல்லாத கருவியாக இருந்தால் விதை கொட்டிக்கொண்டே போகும். இளகிய மண்ணில் கொழு நினைத்ததைவிட ஆழமாக இறங்கிவிடும். ஆகவே இதற்கு முன்பும் ஒரு தடவை உருட்டுவது நல்லது.

மக்காச்சோளம், பட்டாணி போன்ற பருத்த விதைகள் 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் கிடக்க வேண்டியவை. அவற்றைத் தூவி உருட்டினால் பறவைகளுக்கு விருந்து வைத்ததுபோல்தான்.

குதிரைமசால், புல்வகைத் தீவனம், நெருக்கமாக வளர்ந்து மண்ணை மூட வேண்டிய கடுகு, இவற்றுக்கு நான் வரி உருளையைத்தான் சொல்வேன். வரிசை தேவையில்லாத பயிர்கள் இவை, அடர்ந்து வந்தால் களையைத் தாங்களே அடக்கிவிடும். உருளை வாங்க வழியில்லாதவர்கள் முள்படலோடு நிறுத்திவிடாமல், மண் பதமாக இருக்கும்போது டிராக்டர் சக்கரத்தையே தடத்தோடு தடம் சேர்த்து வயல் முழுக்க ஒருமுறை ஓட்டிவிடுங்கள். நேரம் பிடிக்கும்தான், ஆனாலும் முளை வரும்.