காசியில் 'லிஃப்ட் உண்டு' என்று சொல்லி அம்மாவை மூன்று மாடி ஏற வைத்த ஹோட்டல்

வயதான அப்பா அம்மாவைக் காசிக்குக் கூட்டிப் போகத் திட்டம் போட்டிருப்பவர்கள், ரூமுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளம்தான். எனக்கு முன்னாலேயே யாராவது இப்படி எழுதி வைத்திருந்தால் எங்கள் அம்மா அந்த ராத்திரியை அனுபவித்திருக்க வேண்டாம்.

போன டிசம்பரில் போனோம். அம்மாவுக்கு 74 வயது. வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் ஆகி நான்கு வருடம் ஆகிறது, இடது காலுக்கு இன்னும் செய்யவில்லை. சமதரையில் கைத்தடி வைத்துக்கொண்டு நன்றாகவே நடப்பார். படி என்றால் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். இறங்குவது அதைவிடக் கஷ்டம். இந்தியன் டாய்லெட்டில் உட்காரவே முடியாது. இப்படி லட்சக்கணக்கான அம்மாக்கள் இருக்கிறார்கள், இதில் விசேஷம் ஒன்றுமில்லை. அப்பா போன பிறகு அம்மா வாயைத் திறந்து கேட்ட ஒரே விஷயம் காசி. கங்கையில் குளிக்க வேண்டும், கேதாரேஸ்வரரைப் பார்க்க வேண்டும், காசியில் ஒரு பழத்தை விட்டுவிட்டு வர வேண்டும். எந்தப் பழத்தை விடுவது என்று கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே யோசித்துக்கொண்டிருந்தார்.

அதனால் ஹோட்டலை மட்டும் நான் அவசரப்பட்டுப் பிடிக்கவில்லை. மூன்று இரவு உட்கார்ந்து ஆப்பில் தேடினேன். கேதார் காட் பக்கமாக ஒன்று கிடைத்தது (காட் என்றால் அங்கே கங்கைப் படித்துறை). கேதாரேஸ்வரர் கோயில், குமரகுருபரர் மடம், அனுமன் காட் எல்லாமே அந்த வட்டாரம், தமிழ்க்காரர்கள் நடமாட்டம் அதிகம், அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். ஆப்பில் அந்த ஹோட்டல் பக்கத்தில் லிஃப்ட் என்று டிக் அடித்திருந்தது. வீல்சேர் வசதி என்றும் டிக். வெஸ்டர்ன் டாய்லெட், கங்கை தெரியும் ரூம், காட்டிலிருந்து 100 மீட்டர். போட்டோக்களில் பளபளவென்று ஒரு லிஃப்ட் கதவுகூட இருந்தது. ஸ்டார் 4.3. ஒரு இரவுக்கு 3,800 ரூபாய், மூன்று இரவுக்கு 11,400, முழுதும் முன்பணம், ரத்து செய்தால் பணம் திரும்ப வராது என்ற ரேட். அதையும் பார்த்துவிட்டு, கட்டுவதற்கு முன் ஹோட்டலுக்கே போன் செய்தேன். அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற மாட்டார், லிஃப்ட் இருக்கிறதா, வண்டி எதுவரை வரும் என்று கேட்டேன். மேனேஜர் என்று பேசியவர், லிஃப்ட் இருக்கிறது மேடம், வண்டி ஹோட்டல் வரை வரும், மாதாஜிக்கு ஒரு கஷ்டமும் இருக்காது என்றார். நம்பினேன். கட்டினேன்.

விமானநிலையம் பாபத்பூரில் இருக்கிறது, ஊரிலிருந்து 25 கிலோமீட்டர் சுமார். அங்கிருந்து டாக்ஸி. சோனார்புரா மெயின் ரோட்டில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார், இதற்கு மேல் போகாது, சந்துதான் என்றார். அவர் மேல் தப்பில்லை. காசியில் காட் ஓரமாக இருக்கிற பழைய ஊர் முழுக்க அப்படித்தான், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்துகள். அதிலேயே பைக் வரும், மாடு நிற்கும். ஹோட்டலுக்குப் போன் செய்தால் "அஞ்சு நிமிஷ நடை, பையனை அனுப்புகிறேன்" என்றார்கள். பையன் வந்தான், இரண்டு பெட்டிக்கு 400 ரூபாய் கேட்டான், கொடுத்தேன். அவன் பெட்டியோடு முன்னால் போய்விட்டான். நானும் அம்மாவும் 25 நிமிடம் நடந்தோம். ஈரக் கல் பாவிய தரை, நடுவில் இரண்டு இடத்தில் நாலு நாலு படி, ஒவ்வொரு பைக் ஹார்னுக்கும் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு சுவர் பக்கம் ஒதுங்கினார்.

ஹோட்டல் வாசலில் மூன்று படி. ஓரத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு பலகை சாய்த்து வைத்திருந்தார்கள். ஆப்பில் போட்டிருந்த வீல்சேர் வசதி அதுதான் என்று அப்புறம் புரிந்தது. சாய்தளம் என்றால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பதுதான் நம் நாட்டிலும் விதிமுறை. அந்த மூன்று படி சேர்ந்து ஒன்றே முக்கால் அடி வரும். அதற்கு 21 அடி நீளம் வேண்டும். நாலடிப் பலகையில் வீல்சேரை ஏற்ற முடியாது, ஆளைக் கவிழ்க்கத்தான் முடியும்.

லிஃப்ட் எங்கே என்று கேட்டேன். ரிப்பேர் மேடம், ஆள் வரச் சொல்லியிருக்கிறோம், நாளைக்குச் சரியாகிவிடும் என்றார் ரிசப்ஷனில் இருந்தவர். போட்டோவில் பார்த்த அதே கதவு பக்கத்திலேயே இருந்தது. லேசாகத் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். உள்ளே பழைய மெத்தை இரண்டு சுருட்டி நிறுத்தியிருந்தது, தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்தன, ஒரு துடைப்பம். கேன்கள் மேல் தூசி படிந்திருந்தது. நாளைக்கு ஓடப்போகிற லிஃப்டில் யாரும் மெத்தையை அடுக்க மாட்டார்கள். அந்த இடத்திலேயே போனில் படம் எடுத்துக்கொண்டேன், பின்னால் அந்த ஒரு படம்தான் உதவியது.

எங்கள் ரூம் மூன்றாவது மாடி. கீழே ரூம் கொடுங்கள் என்று கேட்டதற்கு, ஜன்னல் இல்லாத ஒரு அறையைக் காட்டினார்கள், அதில் இந்தியன் டாய்லெட். அதற்கும் இரவுக்கு 1,500 கூடுதலாகக் கேட்டார்கள், டிசம்பர் சீசனாம். மணி இரவு எட்டு, வெளியில் பனி இறங்கிவிட்டது, அம்மாவால் திரும்ப அந்தச் சந்தில் நடக்க முடியாது. இது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வயதானவர்களை வைத்துக்கொண்டு ராத்திரியில் வருகிறவன் எங்கேயும் போக மாட்டான் என்பதுதான் இவர்களுடைய கணக்கே. பணத்தைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

ஏறினோம். 46 படி. நான் எண்ணினேன், ஏனென்றால் ஒவ்வொரு படிக்கும் அம்மா நின்றார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொல்லி உட்கார வைத்தேன். "ஒண்ணுமில்ல கண்ணு, மூச்சு வாங்கிட்டுப் போலாம்" என்றார். குரங்குத் தொல்லைக்காக அடித்திருந்த இரும்புக் கம்பிக்குப் பின்னால் கங்கை தெரிந்தது. அது மட்டும் பொய்யில்லை.

பாத்ரூம் தரை ரூமைவிட அரை அடி உயரம், வழவழ டைல்ஸ், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. வெஸ்டர்ன் டாய்லெட் கடைசி மூலையில், குளிக்கிற இடத்து ஈரத்தைத் தாண்டிப் போக வேண்டும். ராத்திரி என்னை எழுப்புங்கள் அம்மா, தனியாகப் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். அவர் எழுப்பவே இல்லை. காலையில் பார்த்தால் நான் சுடுதண்ணீர் ஊற்றி வைத்த ஃபிளாஸ்க் அப்படியே நிறைந்திருந்தது. சாயங்காலத்திலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, மாத்திரையைக்கூட எச்சிலோடு விழுங்கியிருக்கிறார். ராத்திரி பாத்ரூம் போக வேண்டி வந்துவிடுமே என்ற பயம். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்.

காலையில் முட்டி வீங்கிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டே, "கங்கையைப் பாத்தாச்சு, இது போதும், நீ மட்டும் போய்ட்டு வா" என்றார். நான் அப்போதே வேறு இடம் தேடிவிட்டேன். கன்டோன்மென்ட் பக்கம், ரயில்வே ஸ்டேஷன் தாண்டி, மெயின் ரோட்டு மேலேயே ஒரு சாதாரண ஹோட்டல். இந்தத் தடவை போட்டோவை நம்பவில்லை. கார் நிற்கிற இடத்திலிருந்து ஆரம்பித்து லிஃப்டில் ஏறி, ரூமுக்குள் போய், பாத்ரூம் வரைக்கும் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் அனுப்பினார்கள். இரவுக்கு 2,900. கங்கை தெரியவில்லை, காட்டுக்கு நாலைந்து கிலோமீட்டர், ஆனால் அம்மா தன் காலில் நடந்து ரூமுக்குள் போனார், ராத்திரி இரண்டு தடவை தானாக எழுந்து பாத்ரூம் போய் வந்தார்.

அந்த வீடியோ விஷயத்தைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "லிஃப்ட் இருக்கிறதா" என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். வயதானவர்களுக்கு ஹோட்டல் என்பது வண்டிக் கதவிலிருந்து கட்டில் வரைக்கும், கட்டிலிலிருந்து டாய்லெட் வரைக்கும் உள்ள தூரம். அந்த இரண்டு தூரத்தில் எத்தனை படி என்று கேளுங்கள். எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். லிஃப்ட் தரைத்தளத்திலேயே தொடங்குகிறதா, வாசலில் ஏழெட்டுப் படி ஏறிய பிறகா என்று கேளுங்கள். இதையெல்லாம் போனில் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள், ஆப்பிலேயே ஹோட்டலுக்கு மெசேஜ் அனுப்பும் வசதி இருந்தால் அதில் கேளுங்கள். போனில் சொன்னதை நாங்கள் சொல்லவே இல்லை என்று மறுத்துவிட்டார்கள், என்னிடம் ஒரு அத்தாட்சியும் இல்லை. ஹோட்டல் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நான் அதையாவது செய்திருந்தேன்.

ரிவ்யூ படிக்கும்போது ஸ்டாரைப் பார்க்காதீர்கள். அந்த 4.3 கொடுத்தவர்களில் பெரும்பாலோர் முதுகில் பையோடு வந்த இளைஞர்கள், அவர்களுக்கு 46 படி ஒரு பொருட்டே இல்லை. ரிவ்யூவில் ஸ்டெப்ஸ், லிஃப்ட், பேரண்ட்ஸ் போன்ற வார்த்தைகளைத் தேடுங்கள். நான் பிற்பாடு தேடினேன். ஏழு மாதம் முன்பே ஒருவர் லிஃப்ட் ஓடவில்லை என்று எழுதியிருந்தார், கீழே எங்கேயோ புதைந்து கிடந்தது.

காசிக்கே உரிய ஒன்று. காட்டிலிருந்து 100 மீட்டர், கங்கை தெரியும் என்றாலே படி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கங்கை ஏறினால் படித்துறை எல்லாம் மூழ்கிவிடும், அதனால்தான் கட்டடங்கள் அவ்வளவு உயரத்தில். ஆப் காட்டும் தூரமும் பெரும்பாலும் நேர்கோட்டில் அளந்ததுதான், நடக்கிற தூரம் அல்ல. அம்மா கடைசியில் கங்கையைத் தொட்டது நமோ காட்டில், காசி ரயில்வே ஸ்டேஷன் பக்கம், வடக்கே. அங்கே சாய்தளம் கட்டியிருக்கிறார்கள், வீல்சேரைத் தண்ணீர்ப் பக்கம் வரை தள்ளிப் போக முடிகிறது. சொம்பில் மொண்டு அம்மா தலையில் ஊற்றினேன், பத்து டிகிரிக் குளிரில் மூன்று சொம்பு கேட்டு வாங்கிக்கொண்டார். சீதாப்பழத்தை விட்டுவிட்டார், அவருக்கு ரொம்பப் பிடித்தது அது. கேதாரேஸ்வரரைப் பார்க்க முடியவில்லை. வீங்கிய காலோடு அந்தச் சந்தில் இன்னொரு தடவை நடக்க விட எனக்குத் தைரியம் வரவில்லை.

பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஹோட்டல்காரர் ஒரு பைசா தர முடியாது என்றார். ஆப்காரர்கள், விருந்தினர் தம் விருப்பப்படி காலி செய்திருக்கிறார், ரத்து செய்ய முடியாத ரேட் என்று பதில் அனுப்பினார்கள். நான் காலி செய்ததற்குக் காரணம் அவர்கள் விற்ற லிஃப்ட் அங்கே இல்லாததுதான் என்று மெத்தையும் கேனும் உள்ள அந்தப் படத்தோடு திரும்பத் திரும்ப எழுதினேன். அப்புறம் 1915க்குப் போன் செய்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண். புகார் பதிவு செய்து ஒரு எண் கொடுத்தார்கள். ஐந்து வாரம் கழித்து ஆப்காரர்கள் இரண்டு இரவுக்கான 7,600 ரூபாயைத் திருப்பினார்கள். வரவில்லை என்றால் கோர்ட்டுக்குப் போகவும் தயாராகத்தான் இருந்தேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாந்தது காசியில் என்றாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. பலருக்கு இது தெரியாததால், அவ்வளவு தூரம் போய் யார் கேஸ் நடத்துவது என்று விட்டுவிடுகிறார்கள்.

லிஃப்டின் உள்பக்கப் படத்தைப் போட்டு ரிவ்யூ எழுதிவிட்டேன். ஹோட்டலிலிருந்து, சிரமத்துக்கு வருந்துகிறோம் மாதாஜி, மீண்டும் வாருங்கள் என்று பதில் போட்டிருக்கிறார்கள். நேற்றும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். லிஃப்ட் என்ற இடத்தில் டிக் அப்படியேதான் இருக்கிறது.