கை லிவரா, 12 வோல்ட் பம்பா? ஸ்டார்ட் ஆகாத படகு டீசலுக்கு எது தோது

மழைக்காலம் முழுக்கக் கரையேறி நின்ற மும்பைப் பாய்மரப் படகுகள் அக்டோபர் வாக்கில் மறுபடி தண்ணீரில் இறங்கும்போதுதான் இஞ்சினின் சண்டித்தனம் தெரியவரும். நாலு மாத ஈரக்காற்றில், அரை டேங்க் டீசலோடு விட்டுப்போன டேங்கின் உள்சுவர் வியர்த்து, தண்ணீர் அடியில் தேங்கியிருக்கும். டீசலும் தண்ணீரும் தொடும் இடத்தில் கறுப்பாக வழுவழுவென்று ஒன்று வளரும். அது ஃபில்டரை அடைக்கும். ஃபில்டரை மாற்றினால் ஏர் புகும். ஏர் புகுந்தால் இஞ்சின் எடுக்காது. அந்த ஏரை எடுக்க, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தள்ளும், இஞ்சினோடு வரும் கை லிவர் ஃபீட் பம்ப் ஒரு வழி. அதைக் கழற்றிவிட்டுப் போடும் 12 வோல்ட் பம்ப் இன்னொரு வழி. என் ஓட்டு இரண்டாவதுக்கு. என் படகில் இருப்பதும் அதுதான், ஆகவே சாய்வு இருக்கும்.

முதலில் கோளாறு டீசலில்தானா என்று பார்த்துவிட வேண்டும். இஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் கேபிள் இழுத்தபடி நிற்கிறதா, டீசலைத் திறந்து மூடும் டேங்க் காக் திறந்திருக்கிறதா? செல்ஃப் சுற்றும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியையும் டெர்மினலையும் பாருங்கள். நல்ல வேகத்தில் சுற்றியும் எக்ஸாஸ்டில் புகையே இல்லை என்றால் டீசல் வரவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, எரியவில்லை. அது வேறு கதை. இங்கே சொல்வதெல்லாம் யான்மார் 2ஜிஎம் மாதிரியான பழைய மெக்கானிக்கல் இஞ்சின்களுக்கு. எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் ஓடும் காமன் ரெயில் இஞ்சின்களுக்குப் பொருந்தாது.

கை லிவருக்குக் கரண்ட் வேண்டாம், வயர் வேண்டாம். அதன் பெருமை அதோடு முடிகிறது. விரல் நுழையாத இடத்தில் இருக்கும். ஒரு அமுக்குக்குக் கொஞ்சம்தான் தள்ளும். சில சமயம் லிவர் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று ஆடும். உடனே பம்ப் போச்சு என்று கழற்றப் போகாதீர்கள். கேம்ஷாஃப்டின் மேடு பம்பின் கையைத் தூக்கிப் பிடித்த நிலையில் இஞ்சின் நின்றிருக்கும், அவ்வளவுதான். கிராங்க் புல்லியை ஒரு முழுச் சுற்று திருப்பினால் லிவருக்கு உயிர் வந்துவிடும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை மாற வைத்தது அது கெட்டுப்போகும் விதம். உள்ளே இருக்கும் ரப்பர் டயாபிரம் கிழிந்தால் டீசல் வெளியே சொட்டாமல் நேரே, இஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் இறங்கும். இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறும், ஆயில் தண்ணீராய் இளகும், பேரிங் தேயும். சத்தமே இல்லாத நஷ்டம். எலெக்ட்ரிக் பம்ப் கெட்டால் டிக்டிக் சத்தம் நின்றுபோகும், கூடவே இஞ்சினும் நிற்கும். இரண்டு ஹோஸ் கிளிப், இரண்டு வயர்; கால் மணி நேரத்தில் மாற்றிவிடலாம். இன்ன மாடலுக்கு இன்ன பம்ப் என்று ஆர்டர் போட்டுக் காத்திருக்கவும் வேண்டாம், பொது சைஸ் ஒன்றை லாக்கரில் போட்டு வைத்தால் போதும்.

மும்பை குர்லா சிஎஸ்டி ரோட்டில் வண்டி ஸ்பேர் கடைகளில் கேட்கும்போது மட்டும் கவனம். "ஃப்யூல் பம்ப்" என்று மொட்டையாகக் கேட்டால் பெட்ரோல் காரின் இஞ்ஜெக்ஷன் பம்பைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். அதன் அழுத்தம் 40 பிஎஸ்ஐக்கு மேல். ஃபில்டர் கேஸ்கெட்டைப் பிதுக்கிவிடும். டீசலுக்கு ஆகும், 3 முதல் 5 பிஎஸ்ஐ வரை என்று சொல்லி வாங்குங்கள்.

பம்பை, டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டருக்குப் பிறகு, இஞ்சின் ஃபில்டருக்கு முன்னால் போட வேண்டும். செபரேட்டருக்கு முன்னால் போட்டால் தண்ணீரை அடித்துப் பொடித்துவிடும், பிறகு அது கிண்ணத்தில் பிரிந்து இறங்காது. 5 ஆம்ப் ஃப்யூஸ், ஈயம் பூசிய வயர், கூடவே ஒரு ஆயில் பிரஷர் சுவிட்ச். அது இருந்தால் இஞ்சின் நின்றதும் பம்பும் நிற்கும். இஞ்சின் ஓடாதபோது ஏர் எடுப்பதற்கு மட்டும், அந்தச் சுவிட்சைத் தாண்டிப் பம்புக்குக் கரண்ட் கொடுக்க ஒரு புஷ் பட்டன்.

பழைய பம்பை அப்படியே விட்டு அதற்கு முன்னால் எலெக்ட்ரிக்கைச் சேர்ப்பவர்களும் உண்டு. மூன்றிலும் மோசம் இதுதான். பழைய டயாபிரம் கிழிந்தால் புதுப் பம்ப் அழுத்தம் கொடுத்து டீசலைச் சம்ப்புக்குள் தள்ளும். பழையதைக் கழற்றி, கேஸ்கெட்டோடு தகடு வைத்து அந்த இடத்தை மூடிவிடுங்கள்.

வித்தியாசம் கையில் தெரிவது ஏர் எடுக்கும்போது. காற்றில்லாத காலையில் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் உள்ள மாண்ட்வாவிலிருந்து திரும்பும் வழியில், கப்பல் சானலுக்குப் பக்கத்தில் இஞ்சின் நின்றால் நீரோட்டம் காத்திருக்காது. பட்டனை அமுக்கப் பக்கத்தில் ஒருவர் இருந்தால் உங்கள் இரண்டு கையும் ஸ்பேனருக்கு. ஆள் இல்லையென்றால் பட்டனுக்குப் பதில் சுவிட்சாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபில்டர் மேல் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை விட்டு இறுக்குங்கள். அடுத்து இஞ்ஜெக்ஷன் பம்ப் ஸ்க்ரூ. கடைசியாக, இஞ்ஜெக்டர் பைப் நட்டுகளை 17-ஆம் நம்பர் ஸ்பேனரால் ஒரு சுற்று தளர்த்தி, த்ராட்டிலை முழுக்கத் தள்ளி, பத்துப் பத்து விநாடியாகச் செல்ஃப் அடியுங்கள். அந்த நேரம் இஞ்சினைக் குளிர்விக்க வரும் கடல்தண்ணீரின் வால்வு மூடியிருக்கட்டும். இல்லையென்றால் எக்ஸாஸ்டில் உள்ள மஃப்ளர் நிரம்பித் தண்ணீர் சிலிண்டருக்கே ஏறும். நட்டுகளை இறுக்கி, இஞ்சின் பிடித்த அந்தக் கணமே வால்வைத் திறந்துவிடுங்கள்.

டிக்டிக் சத்தத்தையும் காதில் வாங்குங்கள். லைன் நிறைந்தால் மெதுவாகும். படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஏர் இழுக்கிறது. டேங்குக்கும் பம்புக்கும் நடுவே இருக்கும் ஓட்டையில் டீசல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும்; அதனால் துணியால் துடைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பம்புக்கு முன்னால் ஒரு அடி தெளிவான ஹோஸைத் தற்காலிகமாக மாட்டினால் குமிழி கண்ணில் படும்.

ஒரே பேட்டரி, கையால் சுற்றி ஸ்டார்ட் செய்ய முடிகிற ஒற்றை சிலிண்டர் இஞ்சின் என்றால் லிவரே இருக்கட்டும். வாரம் ஒரு முறை டிப்ஸ்டிக்கை உருவி, மட்டம் பார்த்து, முகர்ந்தும் பாருங்கள்.