வீட்டில் மூன்று பூனை இருக்க, நான்காவதாக எதை ஃபொஸ்டர் எடுக்கலாம்?

"இரண்டு கிழமைக்கு மட்டும் வச்சிருக்க ஏலுமா?" கொழும்பில் பூனை மீட்பவர்களிடமிருந்து வரும் வட்ஸ்அப் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். படத்தில் இருப்பது போத்தல் பால் குடிக்கும் குட்டியா, ஓடித்திரியும் குட்டிகளா, தாயும் குட்டிகளுமா, சத்திர சிகிச்சை முடிந்த வளர்ந்த பூனையா என்று பார்க்காமலே பலர் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடுகிறார்கள். புது வீடு கிடைக்கும்வரை தற்காலிகமாக வைத்துப் பார்ப்பதுதான் ஃபொஸ்டர், ஆனால் இந்த நான்கும் நான்கு விதமான வேலை. ஏற்கனவே பூனைகள் உள்ள வீட்டுக்கு எது பொருந்தும் என்பதைத்தான் இங்கே ஒப்பிடுகிறோம்.

முதலில் கதவு

தெரிவுக்கு முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது: பூட்டி வைக்கக்கூடிய, கழுவக்கூடிய ஓர் இடம். டைல்ஸ் அல்லது சீமெந்துத் தரை வேண்டும். கார்பெட், சோபா, மெத்தை எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. கதவின் கீழ் இடைவெளியைச் சுருட்டிய துவாயால் அடைக்க வேண்டும். அந்த அறைக்கென்று தனி மணல் தட்டு, தனி அள்ளு கரண்டி, தனிக் கோப்பைகள், தனிச் செருப்பு, மேலே போட ஒரு பழைய சேர்ட். காலையில் சொந்தப் பூனைகளின் வேலை முதலில், விருந்தாளியின், அதாவது ஃபொஸ்டராக வந்த பூனையின், வேலை கடைசியில். இந்த வரிசையை மாற்றினால் மற்ற ஏற்பாடெல்லாம் வீண்.

பொதுவாகக் கிடைக்கும் இடங்கள் மூன்று. வெறுமையாக்கிய சிறிய படுக்கையறை எல்லாவற்றிலும் நல்லது. இரண்டாவது குளியலறையும் நல்லதுதான், கழுவுவது லேசு. ஆனால் நீர் நிரம்பிய வாளியில் குட்டி விழுந்து மூழ்கும், கொமோட் மூடியும் திறந்திருக்கக் கூடாது. பல்கனியை நாங்கள் தெரிவாகவே எடுப்பதில்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரைப் பக்கத்துத் தொடர்மாடிகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை சாய்ந்து அடிக்கும்போது கூட்டுக்குள் இருப்பது முழுவதும் நனையும். கம்பிகளுக்கு இடையில் 5 சென்ரிமீற்றர் இருந்தாலே சின்னக் குட்டி நுழைந்துவிடும். வலை அடிப்பதென்றால் கண் 3 சென்ரிமீற்றருக்கு மேல் போகக் கூடாது.

ஒரே குளியலறை, ஒரே படுக்கையறை உள்ள அனெக்ஸில் இருப்பவர்கள் நேராகக் "கதவே இல்லாதவர்களுக்கு" என்ற பகுதிக்குப் போகலாம்.

உங்கள் பூனைகளின் நிலை

பூனைப் பார்வோ என்று சொல்லப்படும் பன்லியூக்கோபீனியாதான் எல்லோரும் பயப்படும் நோய். பயம் நியாயமானது. அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருடம் வரை உயிரோடு இருக்கக்கூடியது, கை கழுவும் ஸ்பிரிட்டுக்கும் சாகாது. ஆனால் வளர்ந்த பூனைக்கு முத்தடுப்பூசி (பன்லியூக்கோபீனியாவுக்கும் இரண்டு தடிமன் வைரஸ்களுக்கும் எதிரான ஊசி) முறையாகப் போட்டிருந்தால் அதன் பாதுகாப்பு மிக உறுதியானது. அதே ஊசி தடிமன் வைரஸ்களுக்கு எதிராகத் தருவது அரைப் பாதுகாப்புத்தான்: தொற்றும், ஆனால் கடுமை குறையும். படைக்கு, அதாவது வட்டவட்டமாக முடி உதிரும் பூஞ்சைத் தொற்றுக்கு, ஊசியே கை கொடுக்காது. எனவே ஊசி போட்ட வீட்டின் உண்மையான எதிரிகள் படையும் தெள்ளும் தடிமனும். ஊசி போடாத வீடு முதலில் சொந்தப் பூனைகளுக்குப் போட்டு முடிக்கட்டும், மீட்புக் குட்டி பிறகு வரலாம்.

மணல் தட்டுக் கணக்கு தெரிந்ததுதான்: பூனை எண்ணிக்கையுடன் ஒன்று கூட்டவும். மூன்றுக்கு நான்கு. விருந்தாளியின் தட்டு இந்தக் கணக்கில் சேராது. வீட்டில் கருத்தடை செய்யாத கடுவன் இருந்தால் புதிய வாசம் பட்டதும் சுவரெல்லாம் மூத்திரம் பீச்சும். கருத்தடை செய்த கடுவனுக்கு வேறோர் ஆபத்து. மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பை அழற்சி வந்து குழாய் அடைபடலாம். தட்டுக்குப் போய்ப் போய்க் குந்தி, முக்கி, ஒரு சொட்டும் போகவில்லையென்றால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் பூனை இறந்துபோகலாம். முன்பு ஒரு தடவை இப்படி அடைபட்ட கடுவன் உள்ள வீட்டுக்கு ஃபொஸ்டர் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

போத்தல் குட்டிகள்

கண் திறக்காத, தாயில்லாத குட்டிகள். சொந்தப் பூனைகளுக்கு இவற்றால் வரும் தொந்தரவு மிகக் குறைவு. ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும், வெளியே வராது. ஆனால் மனிதருக்கு இதைவிடக் கஷ்டமான வேலை இல்லை.

முதல் கிழமையில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவிலும், பால் கொடுக்க வேண்டும். பூனைக்குட்டிக்கென்று வரும் பால்மாதான் கொடுக்கலாம். பசுப்பால் வயிற்றோட்டத்தில் கொண்டுபோய் விடும், அந்த எடையில் வயிற்றோட்டம் என்றால் ஒரு நாளில் உயிர் போகும். 100 கிராம் குட்டியின் வயிறு ஒரு தடவையில் கொள்வது ஏறக்குறைய 4 மில்லிலீற்றர். குட்டி குப்புறப் படுத்தபடி குடிக்க வேண்டும். மனிதக் குழந்தைபோல மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குப் போகும். குடித்த பின் இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சால் அடிப்பகுதியைத் தடவினால்தான் மலசலம் போகும்.

அதிகம் சாவது குளிரில். கொழும்பில் குளிரா என்று கேட்கக் கூடாது. முதல் கிழமையில் குட்டிக்குச் சுற்றிலும் 30 பாகை செல்சியஸ் அளவு வேண்டும், மின்விசிறி சுழலும் அறை அதற்குக் காணாது. துணி சுற்றிய சுடுநீர்ப் போத்தல் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கட்டும், சூடு கூடினால் குட்டி நகர்ந்து போக மறுபக்கம் இடம் வேண்டும். உடம்பு குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது. முதலில் மெதுவாகச் சூடேற்றவும், பிறகு பால். குளிர்ந்த குடல் செரிக்காது.

கிராம் காட்டும் சமையலறைத் தராசு கட்டாயம். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் முழுக்க எடை ஏறாவிட்டால் ஏதோ பிழை. எல்லாம் சரியாகச் செய்தும் சில குட்டிகள் சாகும். அலுவலகம் போகிறவர், வீட்டில் பகலில் ஆளில்லாதவர், இதை ஏற்காதிருப்பதே குட்டிக்குச் செய்யும் உதவி.

இன்னொன்று: கடைச் சாமான் பெட்டியிலோ சீலிங்கிலோ கிடக்கும் குட்டிகள் சூடாக, வயிறு உருண்டு, சத்தமில்லாமல் தூங்கினால் அவை அநாதைகள் அல்ல. தாய் இரை தேடப் போயிருக்கிறது. சில மணித்தியாலம் தூர நின்று பாருங்கள். கானுக்குள்ளோ மழையிலோ கிடந்தால் மட்டும் உடனே தூக்க வேண்டும்.

ஓடித்திரியும் குட்டிகள்

ஆறு முதல் பத்துக் கிழமை. படத்தைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது இவற்றைத்தான், புது வீடும் சீக்கிரம் கிடைக்கும். பல பூனை உள்ள வீட்டுக்கு முதல் விருந்தாளியாக நாங்கள் கடைசியில் வைப்பதும் இவற்றைத்தான்.

தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி வடியும் வயது இது. அது மிச்சமிருக்கும்போது போடும் ஊசியும் பிடிக்காமல் போகலாம். அதனால்தான் மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தடவை, 16 கிழமை வயது வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். பார்வோ வருவது இந்த இடைவெளிக்குள்தான்: நேற்று விளையாடிய குட்டி இன்று கோப்பைக்கு முன்னால் தலை தொங்கி இருக்கும், சத்தி எடுக்கும், நாளை இல்லை. தொற்றி அறிகுறி காட்ட பெரும்பாலும் 2 முதல் 10 நாள் ஆகும். ஆகவே 14 நாள் தனிமை என்பது குறைந்தபட்சம். "துள்ளி விளையாடுதே" என்று ஐந்தாம் நாள் கதவைத் திறப்பவர்கள்தான் அதிகம்.

படை இன்னும் பொறுமையானது, வெளியே தெரிய மூன்று கிழமைகூட எடுக்கும். காது ஓரம், மூக்கு, முன்கால்களைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். வீட்டில் பேர்சியன் போன்ற நீள்முடிப் பூனை இருந்தால் இருமடங்கு கவனம் வேண்டும். அது தன்னில் ஒன்றும் காட்டாமலே மாதக்கணக்கில் பரப்பும். பிள்ளைகளின் கையிலும் கழுத்திலும் சிவந்த வட்டம் வரும்போதுதான் வீட்டாருக்குத் தெரியவரும்.

தெள்ளுக்கு எட்டுக் கிழமைக்குக் குறைந்த குட்டியில் நுண்பல் சீப்பும் இளஞ்சூட்டு நீர்க் குளிப்பும் போதும். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் மருந்தைக் கொஞ்சமாகப் பூசலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வலிப்பு வந்து சாகும். மணல் தட்டில் கட்டியாகும் மணல் வேண்டாம், இந்த வயதில் அதைத் தின்றுபார்க்கும்.

தாயும் குட்டிகளும்

பார்க்கப் பெரிய சுமை. உண்மையில் வேலை பாதி. பாலூட்டல், நக்கிச் சுத்தம் செய்தல், சூடு எல்லாம் தாயின் பொறுப்பு. உங்கள் பங்கு உணவும் தட்டும். குட்டிகளுக்கான உணவையே தாய்க்கும் கொடுங்கள், வழமையைவிட இரண்டு மூன்று மடங்கு தின்னும்.

இதன் விலை காலம். குட்டிகள் புது வீடு போக எட்டுப் பத்துக் கிழமை ஆகும், அவ்வளவு நாளும் அறை உங்களுடையதல்ல. தாய் உங்கள் பூனைகளின் வாசத்துக்கே கதவில் பாயும், சமாதானப்படுத்த முயல வேண்டாம். பாலூட்டும்போதே மீண்டும் சினைப்படக்கூடியது என்பதால் யன்னலும் மூடியிருக்கட்டும். குட்டிகள் பால் மறந்து, அதன் மடி வற்றியதும் கருத்தடை. வாடகை வீட்டில் இருப்பவர், வீட்டுச் சொந்தக்காரருடனும் நிர்வாகக் குழுவுடனும் இரண்டு மாதத்துக்குப் பேசி முடிக்காமல் இதைத் தொட வேண்டாம்.

சத்திர சிகிச்சை முடிந்த வளர்ந்த பூனை

யாரும் கேட்காத விருந்தாளி, எங்கள் முதல் தெரிவு. கருத்தடை செய்த பெட்டைக்கு 10 முதல் 14 நாள், கடுவனுக்கு அதைவிடக் குறைவு. திகதி முதலிலேயே தெரியும். ஒரு கூடும், ஒளிய ஓர் அட்டைப்பெட்டியும் போதும், மூன்று கதவு தாண்டிக் கத்தாது, பெரும்பாலும் தூங்கும்.

தட்டில் மணலுக்குப் பதில் கிழித்த பத்திரிகைத் தாள் போடுங்கள், காயத்தில் தூள் ஒட்டாது. காலையும் மாலையும் தையலைப் பாருங்கள். லேசான வீக்கம் பரவாயில்லை. கசிவு, வாடை, திறந்த விளிம்பு, 24 மணித்தியாலம் தின்னாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியரைக் கூப்பிடுங்கள். வலிக்குப் பனடோல் கொடுக்கவே கூடாது. ஒரு குளிசையே பூனையைக் கொல்லப் போதும்.

குறையும் உண்டு. தெருவில் வளர்ந்தது கடிக்கும். கடித்தால், கீறினால், ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அரச வைத்தியசாலையில் விசர்நோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். பூனையைத் திறந்துவிடாதீர்கள், அதன் நிலையை வைத்தியர் கேட்பார். பூனை லியூக்கேமியா, பூனை எயிட்ஸ் வைரஸ் பரிசோதனை செய்யாத வளர்ந்த பூனையைச் சொந்தப் பூனைகளோடு சேர்க்கவும் கூடாது. முதலாவது நக்கலிலும் ஒரே கோப்பையிலும் பரவும், இரண்டாவது ஆழமான கடியில்.

இரண்டு கிழமை விருந்தாளியைச் சொந்தப் பூனைகளுக்கு அறிமுகப்படுத்தவே தேவையில்லை. ஒழுங்காகச் செய்தால் அறிமுகத்துக்கே பல கிழமை பிடிக்கும், அதற்குள் அது போய்விடும். சண்டை மட்டும் மிஞ்சும்.

கதவே இல்லாதவர்களுக்கு

பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடுதல். ஓர் ஒழுங்கையில் உள்ள ஐந்து பெட்டைகளுக்குக் கருத்தடை செய்து முடிப்பது, வருடத்துக்கு ஐந்து குட்டிகளை வீட்டில் வளர்ப்பதைவிட அதிகம் சாதிக்கும். நான்கு மாதத்திலேயே பெட்டை சினைப்படலாம், ஒன்பது கிழமையில் குட்டி போடும். தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வைத்து, அரை மணித்தியாலத்தில் கோப்பையை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காகமும் எலியும் வரும், அயலவர் முறைப்பாடும் வரும். வெங்காயம், உள்ளி சேர்ந்த கறிச்சோறு வேண்டாம், அவை பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். அவித்த மீனும் கொஞ்சம் சோறும் போதும்.

ஓம் சொல்லுமுன் எழுத்தில் கேட்க வேண்டியவை

வைத்தியச் செலவு யாருடையது, இரவு அவசரத்துக்கு யார் வருவார், எந்தத் திகதியில் பூனை போகும், போக இடமில்லாவிட்டால் மாற்று வீடு எது. பதில்கள் வட்ஸ்அப்பில் எழுத்தாக இருக்கட்டும். தெளிவாகப் பதில் சொல்லாதவரிடம் பூனை வாங்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

விருந்தாளி போன பிறகு அட்டைப்பெட்டி, கீறு பலகை, துணிப் பொம்மைகளை எறிந்துவிடுங்கள், அவற்றைச் சுத்தமாக்க முடியாது. தரையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பின் லீற்றருக்கு 30 மில்லிலீற்றர் புளீச் கலந்த நீரை ஊற்றி 10 நிமிடம் ஊறவிடுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் புளீச் வேலை செய்யாது. ஹார்பிக்குடன் சேர்ந்தால் நச்சு வாயு வரும், அதனால் இரண்டில் ஒன்று மட்டும். டெட்டோலும் லைசோலும் பூனை நடமாடும் தரைக்கு ஆகாது, கால் நக்கும்போது உள்ளே போகும். அந்த அறையில் பார்வோ வந்திருந்தால், இவ்வளவு கழுவிய பிறகும் ஒரு வருடத்துக்கு ஊசி போடாத குட்டி எதையும் அங்கே வைக்காதீர்கள். அந்த வருடம் முழுக்க ஊசி போட்ட வளர்ந்த பூனைகளை மட்டும் எடுக்கலாம்.