மீண்டும் மஞ்சளாகும் ஜெட்ஃபயர்

1985ஆம் ஆண்டின் ஜெட்ஃபயரை, அதாவது போர்விமானத்திலிருந்து ரோபோவாக உருமாறும் பொம்மையை, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்ட நேரத்தில், என்னுடைய ஜெட்ஃபயரின் கால்களை இரண்டாம் முறையாக வெளுத்துக் காயவைத்திருந்தேன். பதினோர் ஆண்டுகளாக அது என்னிடம் இருக்கிறது. அவரிடம் சுருக்கமாகச் சொன்னதைக் காரணங்களோடு எழுதிவைக்கிறேன்.

அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ இதைத் தன் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மை வரிசையில் சேர்த்ததே தவிர, இதன் பிறப்பு வேறிடத்தில். மேக்ராஸ் என்ற ஜப்பானிய அசைபடத் தொடருக்காக ஷோஜி கவாமோரி வடிவமைத்த வால்கிரி போர்விமானத்தை, தகாதோகு டாய்ஸ் 1/55 அளவில் வார்த்த அச்சுதான் இது. அச்சு பின்னர் பண்டாயிடம் போய்விட்டது. டிரான்ஸ்ஃபார்மர்ஸை ஜப்பானில் விற்ற தகாராவுக்கோ பண்டாய் போட்டி நிறுவனம். அதனால் ஜெட்ஃபயர் அங்கே அந்தப் பெயரில் கடைக்கு வரவே இல்லை. என்னுடையது முதல் தயாரிப்புகளில் ஒன்று. இறக்கையில் மேக்ராஸ் முத்திரை இன்னும் இருக்கிறது.

உருமாற்றம் எனக்கு இன்றும் அலுக்கவில்லை. விமானத்தின் அடியில் படுத்திருக்கும் இரண்டு எஞ்சின்களும் உலோகக் கரங்களில் சுழன்று கால்களாக இறங்குகின்றன. பாதியிலேயே நிறுத்தினால், மூக்கும் இறக்கையும் அப்படியே இருக்க, கைகால் முளைத்த விமானமாக அது நிற்கிறது. அந்த நடுநிலை உருவம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் கீல்களில் தளர்வில்லை. என்னிடமுள்ள வேறெந்தப் பொம்மையைப் பற்றியும் இப்படிச் சொல்ல முடியாது.

ஆனால் அந்த வெள்ளை நிறம் என்னை நிம்மதியாக இருக்கவிட்டதில்லை. மூக்குப் பகுதி பால்போல் இருக்க, கால்கள் பழைய செய்தித்தாளின் நிறத்துக்கு வந்துவிட்டன. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் உள்ள பியூட்டாடையீன் ரப்பர் ஒளியாலும் வெப்பத்தாலும் ஆக்சிஜனோடு சேர்ந்து நிறம் மாறுகிறது. கலவைக்குக் கலவை வேகம் வேறுபடுவதால் ஒரே பொம்மையின் பாகங்கள் ஒன்றுபோல் மஞ்சளாவதில்லை. எந்த நிறுவனத்தின் வெள்ளை ஏபிஎஸ்ஸுக்கும் நேரக்கூடியது இது என்பதால், தயாரித்தவரைக் குறைசொல்வது நியாயமன்று.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, திருகுகளைக் கழற்றி, ஒட்டுப்படங்களை உரித்து, சிவப்புப் பாகங்களை ஒதுக்கிவைத்து, மற்றவற்றின்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு பசையைப் பூசி, கண்ணாடித்தாளில் சுற்றி, இரண்டு நாள் வெயிலில் மணிக்கொருமுறை திருப்பிக்கொண்டே இருந்தேன். அது புதியதுபோல் வெளுத்தபோது எனக்குக் கண் கலங்கியது. அதன்பின் வெளிச்சமே படாத மூடிய அலமாரியில்தான் வைத்தேன். இரண்டே ஆண்டுகளில் மஞ்சள் திரும்பிவிட்டது. இம்முறை கழற்றும்போது, திருகு இறங்கும் தண்டு ஒன்றில் மயிரிழை விரிசலும் விழுந்திருக்கிறது. மூன்றாம் முறை அதைத் திறக்க எனக்குத் துணிவில்லை.

ஆகவே, வாங்க வேண்டாம் என்றே நண்பருக்குச் சொன்னேன். பொறியமைப்பில் இதற்கு இணையாக என்னிடம் வேறொன்றும் இல்லை என்பதை மறுக்கவில்லை; ஆயினும் என் பதில் அதுதான். மீறி வாங்குவதானால், தனியாகக் கழற்றி மாட்டும் கவசத் துண்டுகளும் தலைக்கவசமும் உள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும். வெண்மைக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தரக்கூடாது. பளிச்சென்ற வெள்ளையாக இருந்து, ஒட்டுப்படங்கள் மட்டும் புதியனவாகவோ இல்லாமலோ இருந்தால், அதை எப்போது வெளுத்தார்கள் என்று விற்பவரிடம் கேட்டுவிட வேண்டும்.