டாப் எண்டா, நடு மாடலா? வடசென்னைத் தெருவில் வைத்து ஒரு வேரியன்ட் கணக்கு

மாருதி 800 ஓடிய காலத்தில் ஷோரூமில் முக்கியமாக முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஏசி வேண்டுமா, வேண்டாமா. இன்று பத்து லட்சத்துக்குள் ஒரு வண்டி பார்க்கப் போனாலே கையில் பெரிய அட்டவணையைக் கொடுத்துவிடுகிறார்கள். மேல் வரிசையில் மூன்றிலிருந்து பதினொன்று வரை பெயர்கள், பக்கவாட்டில் வசதிகள், கட்டத்துக்குக் கட்டம் ஒரு புள்ளி அல்லது ஒரு கோடு. புள்ளி இருந்தால் உண்டு, கோடு இருந்தால் இல்லை. இதில் பெட்ரோல், டீசல், சிஎன்ஜி, மேனுவல், ஆட்டோமேட்டிக், இரட்டை நிறம் என்று ஒவ்வொன்றும் சேரச் சேர, ஒரே வண்டி முப்பது வண்டியாகப் பெருகிவிடுகிறது.

பெரம்பூர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் முதல் கார் வாங்குகிற குடும்பங்களைப் பார்க்கிறேன். எந்த கார் என்பதைச் சீக்கிரம் முடிவு செய்துவிடுகிறார்கள். அதே காரில் எந்த வகை, அதாவது எந்த வேரியன்ட் என்பதில்தான் வீட்டில் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஐந்து வருஷம், ஏழு வருஷம் இஎம்ஐ கட்டப்போகிற பணம் அது. அதனால் மூன்று வண்டிகளின் வேரியன்ட் அமைப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நம் ஏரியா சாலைக்கு எது ஒத்துவரும் என்று பார்க்கலாம். இங்கே சொல்லும் விலைகள் அந்தந்த வண்டி அறிமுகமானபோது அறிவித்த ஷோரூம் விலைகள். 2025 செப்டம்பர் 22 அன்று சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கிய பிறகு விலைகள் மாறின. ஆனால் ஒரு வேரியன்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே என்ன வருகிறது, என்ன போகிறது என்று பார்க்கும் முறை அதேதான்.

மூன்று வண்டி, மூன்று விதமான படிக்கட்டு

முதலில் ஸ்விஃப்ட். 2024 மே மாதம் வந்த புதிய ஸ்விஃப்டில் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ (ஓ), இசட்எக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ பிளஸ் என்று ஐந்து. இது நேரான படிக்கட்டு. கீழ்ப்படியில் இருப்பதெல்லாம் மேல்படியிலும் இருக்கும், கூடவே கொஞ்சம் சேரும். எல்எக்ஸ்ஐ 6.49 லட்சம், விஎக்ஸ்ஐ 7.29, இசட்எக்ஸ்ஐ 8.29, பிளஸ் 8.99. இதில் நான் மனதாரப் பாராட்டுவது ஒன்று உண்டு. ஆறு ஏர்பேக்கும், வண்டி வழுக்கினால் பிடித்து நிறுத்தும் ஈஎஸ்பியும் எல்எக்ஸ்ஐயிலிருந்தே வருகின்றன. பணம் குறைவாக இருப்பவர் உயிருக்கும் குறைவாகப் பாதுகாப்பு என்ற நிலைமை இந்த வண்டியில் இல்லை. அதனால் மற்ற வித்தியாசமெல்லாம் பெரும்பாலும் வசதி சம்பந்தப்பட்டவை: விஎக்ஸ்ஐயில் ஏழு அங்குலத் திரை, இசட்எக்ஸ்ஐயில் எல்இடி ஹெட்லைட், அலாய் வீல், ஆட்டோ ஏசி, பிளஸ்ஸில் ஒன்பது அங்குலத் திரை. கியர் மாற்றத் தேவையில்லாத ஏஎம்டி வேண்டும் என்றால் விஎக்ஸ்ஐயிலிருந்து தொடங்கலாம், சுமார் ஐம்பதாயிரம் கூடுதல்.

அடுத்தது மஹிந்திரா எக்ஸ்யுவி 3எக்ஸ்ஓ. 2024 ஏப்ரலில் வந்தபோது ஒன்பது பெயர்கள்: எம்எக்ஸ்1, எம்எக்ஸ்2, எம்எக்ஸ்2 ப்ரோ, எம்எக்ஸ்3, எம்எக்ஸ்3 ப்ரோ, ஏஎக்ஸ்5, ஏஎக்ஸ்5 எல், ஏஎக்ஸ்7, ஏஎக்ஸ்7 எல். விலை 7.49 லட்சத்தில் தொடங்கி 15.49 லட்சம் வரை. மேலிருப்பது கீழிருப்பதைப் போல இரண்டு மடங்கு! எஞ்சின் மூன்று: 111 குதிரைத்திறன் டர்போ பெட்ரோல், 131 குதிரைத்திறன் டர்போ பெட்ரோல், 1.5 லிட்டர் டீசல். இங்கேயும் ஆறு ஏர்பேக், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், ஈஎஸ்சி (ஸ்விஃப்டில் ஈஎஸ்பி என்று சொன்ன அதேதான்) எல்லாம் அடி மாடலிலிருந்தே உண்டு. அந்த விஷயத்தில் இந்தப் பட்டியலிலேயே தாராளமான வண்டி இதுதான்.

ஆனால் படிக்கட்டு நேராகப் போகவில்லை, நடுவில் கிளை பிரிகிறது. ஏஎக்ஸ்5 எல் எடுத்தால் முன்னால் போகிற வண்டியைக் கவனித்துத் தானே பிரேக் போடும் அடாஸ் வரும். அதைவிட விலை கூடிய ஏஎக்ஸ்7 எடுத்தால் பெரிய சன்ரூஃப், 17 அங்குல வீல், நல்ல ஸ்பீக்கர் வரும், அடாஸ் வராது. இரண்டும் வேண்டுமென்றால் ஏஎக்ஸ்7 எல்லுக்குப் போக வேண்டும். அதிக விலை கொடுத்தால் எல்லாம் சேர்ந்து வரும் என்றுதான் நம் மனசு கணக்குப் போடும். இந்த அட்டவணையில் அந்தக் கணக்கு பொய்க்கிறது. சேல்ஸ்மேன் விரல் வைத்துக் காட்டும் வரியை மட்டும் பார்க்காமல், அவர் காட்டாமல் தாண்டிப்போகும் வரிகளில் எங்கே புள்ளி கோடாக மாறுகிறது என்று தேடிப் பாருங்கள்.

மூன்றாவது ஹோண்டா அமேஸ். 2024 டிசம்பரில் வந்த மாடலில் வி, விஎக்ஸ், இசட்எக்ஸ் என்று மூன்றே பெயர். எஞ்சின் ஒன்று, மேனுவலும் சிவிடி என்ற ஆட்டோமேட்டிக்கும் மூன்றிலும் கிடைக்கும். மூன்றை இரண்டால் பெருக்கினால் ஆறு, கதை முடிந்தது. ஆறு ஏர்பேக் எல்லாவற்றிலும். அடாஸ் இசட்எக்ஸில் மட்டும். ஒரே உட்காரலில் கணவன் மனைவி இரண்டு பேரும் புரிந்துகொண்டு முடிவெடுக்க முடிகிற பட்டியல் இது. வாங்குபவர் மேல் மரியாதை வைத்துப் போட்ட பட்டியல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

டாடா நெக்ஸானையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். எக்ஸ்இ, எக்ஸ்எம், எக்ஸ்இசட் என்ற பழைய எழுத்துகளை 2023 செப்டம்பரில் விட்டுவிட்டு ஸ்மார்ட், ப்யூர், கிரியேட்டிவ், ஃபியர்லெஸ் என்று பெயர் வைத்தார்கள். பெயர் அழகாகிவிட்டது, ஆனால் பிளஸ்ஸும் சன்ரூஃபைக் குறிக்கும் எஸ்ஸும் சேர்ந்து மொத்தம் பதினொன்று ஆனது.

பத்து லட்சம் என்ற கோடு

வேரியன்ட் பேச்சில் பலரும் தவறவிடுவது, வண்டியைப் பதிவு செய்யும்போது ஒரே தடவையாகக் கட்டும் வாழ்நாள் வரி. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் இந்த வரி கூடியது. இப்போது ஐந்து லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம். பத்து லட்சத்தைத் தாண்டி இருபது லட்சம் வரை 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டும் அல்ல, முழு விலைக்கும்.

அமேஸையே எடுத்துப் பாருங்கள். அறிமுக விலையில் விஎக்ஸ் சிவிடி 9,99,900 ரூபாய். இசட்எக்ஸ் சிவிடி 10,89,900. ஷோரூமில் வித்தியாசம் 90,000 என்றுதான் சொல்வார்கள். வரி போட்டுப் பாருங்கள்: முதலாவதற்கு 1,29,987, இரண்டாவதற்கு 1,96,182. வரியிலேயே 66,000 ரூபாய்க்கு மேல் ஏறுகிறது. ஆக உண்மையான வித்தியாசம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. பத்து லட்சத்துக்கு மேல் என்பதால் 1 சதவீத டிசிஎஸ்ஸும், அதாவது விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரியும் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம், ஆனால் அன்றைக்குக் கையிலிருந்து போகிற பணம்தானே. இன்ஷூரன்ஸ் தொகையும் வண்டி விலையோடு சேர்ந்து ஏறும்.

அதனால் “இன்னும் கொஞ்சம் போட்டா டாப் எண்டே வந்துடும் சார்” என்று யாராவது சொன்னால், இரண்டு வேரியன்டுக்கும் வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன் ரோடு விலையைத் தனித்தனித் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நம் சாலையில் வைத்துப் பார்த்தால்

இங்கேதான் நான் வழக்கமான ரிவ்யூக்களோடு மாறுபடுகிறேன். அவர்கள் வண்டியை ஓட்டிப் பார்ப்பது நல்ல நெடுஞ்சாலையில். நாம் ஓட்டுவது கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையில், மணலிச் சாலைப் பள்ளங்களில், மழை வந்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையைச் சுற்றிக்கொண்டு.

டயரைப் பாருங்கள். ஸ்விஃப்டின் கீழ் வேரியன்டுகளில் 165/80 ஆர்14. மேலே 185/65 ஆர்15. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்கிறது. கணக்குப் போட்டால் சின்ன வீலுக்கு 132 மில்லிமீட்டர் ரப்பர், பெரிய வீலுக்கு 120. பள்ளத்தில் இறங்கும்போது ரிம்மைக் காப்பாற்றுவது அந்த ரப்பர்தான். ஸ்டீல் வீல் நெளிந்தால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம், அலாய் விரிசல் விட்டால் மாற்ற வேண்டியிருக்கும். பளபளவென்று வெட்டி மெருகேற்றி வரும் இரட்டை நிற அலாயில் உலோகத்துக்கு மேலே இருப்பது மெல்லிய பூச்சு மட்டுமே. நடைபாதைக் கல்லில் ஒரு தடவை உரசி அந்தப் பூச்சு போய்விட்டால், காசிமேடு, திருவொற்றியூர் உப்புக் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். கடற்கரை ஓரம் குடியிருப்பவர்கள் சாதாரணமாகப் பெயின்ட் அடித்த வீலே எடுக்கட்டும்.

சன்ரூஃப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், மறுக்கவில்லை. 3எக்ஸ்ஓவில் எம்எக்ஸ்2 ப்ரோவிலேயே சின்னதாக ஒன்று வந்துவிடுகிறது. ஆனால் அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் முழுத் தண்ணீரையும் தடுப்பதில்லை. உள்ளே கசியும் தண்ணீரை ஒரு வாய்க்கால் வாங்கி, மூலைகளில் இருக்கும் மெல்லிய குழாய்கள் வழியாகத் தூண்களுக்குள் இறக்கிக் கீழே விட்டுவிடும். அந்தக் குழாயில் இலையும் தூசியும் அடைத்தால் தண்ணீர் மேற்கூரைத் துணி வழியாக வண்டிக்குள் வரும். அத்திப்பட்டு, எண்ணூர், மணலி பக்கம் தெருவில் நிறுத்தும் வண்டியின் கூரையில் எவ்வளவு சாம்பலும் தூசியும் படிகிறது என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வீட்டுக்குள் நிறுத்த இடமிருந்தால், மழைக்காலத்துக்கு முன் குழாயைச் சுத்தம் செய்யும் பொறுமையும் இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் அதற்காக ஒரு வேரியன்ட் மேலே ஏறாதீர்கள்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்று நாம் எல்லோரும் பார்த்தோம். மேல் வேரியன்டில் காற்று வீசும் சீட் இருந்தால் அதன் விசிறி சீட்டுக்குள்ளே, அடியிலேயே இருக்கும். கரண்டில் நகரும் சீட் என்றால் மோட்டாரும் ஒயரும் அங்கேதான். தரை வரை தண்ணீர் ஏறினாலே செலவு தொடங்கிவிடும். அடி மாடலில் அந்த உயரத்தில் நனைவதற்கு இருப்பது குறைவு. மேல் வேரியன்டுக்குப் போக இருந்த பணத்தில் ஒரு பகுதியை இன்ஷூரன்ஸில் கூடுதலாக எடுக்கும் எஞ்சின் ப்ரொடெக்ட், தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் இரண்டுக்கும் கட்டுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் சாதாரண இன்ஷூரன்ஸ் கைகொடுக்காது.

இதற்கு நேர்மாறாக, நான் பணம் போடச் சொல்லும் வசதிகளும் உண்டு. பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் சந்துகளில் பட்டன் அமுக்கினால் மடியும் சைடு மிரர் ஒவ்வொரு நாளும் உதவும். பின் கண்ணாடி வைப்பர் மழையில் உண்மையாகவே தேவை. ஆட்டோமேட்டிக் கியரைப் பற்றித் தயங்க வேண்டாம், லாரி வரிசைக்குப் பின்னால் கிளட்ச் மிதித்து மிதித்து முட்டி வலிக்கிற ஊர் இது. இரண்டு ஆட்டோமேட்டிக்கில், மெதுவாக ஊர்ந்து போவதில் சிவிடி வழவழவென்று இருக்கும், ஏஎம்டி சற்றே தயங்கித் தயங்கி இழுக்கும், விலை மட்டும் குறைவு.

அடாஸ் நடுவில் நிற்கிறது. கோடு அழிந்துபோன சாலையில் லேன் பிடிக்கும் வசதிக்கு வேலை இல்லை. இடைவெளி விட்டுப் போனால் அந்த இடைவெளியில் பைக் நுழையும் ஊரில் அது அடிக்கடி எச்சரித்துக்கொண்டே இருக்கும். அதன் கேமரா முன் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால், கண்ணாடி உடைந்து மாற்றினால் கேமராவையும் மறுபடி அளவு பார்த்துப் பொருத்த வேண்டும். ஆனால் வாராவாரம் செங்குன்றம் தாண்டி கும்மிடிப்பூண்டி, சூளூர்பேட்டை என்று நெடுஞ்சாலையில் ராத்திரி ஓட்டுகிறவர் என்றால் என் பதில் வேறு. அவர் ஏஎக்ஸ்7இன் பெரிய சன்ரூஃபை விட்டுவிட்டு ஏஎக்ஸ்5 எல் எடுக்கட்டும்.

எதை அப்புறம் சேர்க்க முடியாது?

திரை, ஸ்பீக்கர், பின் கேமரா, சீட் கவர், ஃபாக் லைட் இதெல்லாம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரே நாளில் போட்டுக்கொள்ளலாம். ஒயரை வெட்டாமல் சாக்கெட்டிலேயே பொருத்துகிற கடையாகப் பார்த்துப் போங்கள், வெட்டினால் வாரன்டியில் பிரச்சினை வரும். ஏர்பேக், ஈஎஸ்சி, எஞ்சின், கியர்பாக்ஸ் இவற்றை எந்தக் கடையிலும் அப்புறம் சேர்க்க முடியாது. பணம் இந்தப் பக்கம்தான் போக வேண்டும்.

இப்படிப் பார்த்தால் என் தேர்வு இது. குடும்பத்தின் முதல் வண்டி, தெருவில் நிறுத்த வேண்டும், பட்ஜெட் இறுக்கம் என்றால் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ ஏஎம்டி. வயசான அப்பா அம்மாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் அழைத்துப்போக, டிக்கியும் வேண்டும் என்றால் அமேஸ் விஎக்ஸ் சிவிடி. நெடுஞ்சாலைப் பயணம் அதிகம், கொஞ்சம் உயரமான வண்டி வேண்டும் என்பவருக்கு 3எக்ஸ்ஓ. அங்கே ஏஎக்ஸ்5 எல் வரை போகலாம், அதற்கு மேல் எனக்குக் காரணம் தெரியவில்லை.

புக்கிங் படிவத்தில் வண்டிப் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்க விடாதீர்கள். எஞ்சின், கியர், வேரியன்ட், நிறம் நான்கையும் முழுசாக எழுதச் சொல்லி, ப்ரொஃபார்மா என்ற முன்கூட்டிய பில்லிலும் அதே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஎக்ஸ்5 என்பதற்குப் பக்கத்தில் எல் விட்டுப்போனால் அடாஸ் மட்டும் போகாது, 131 குதிரைத்திறன் எஞ்சினும் சேர்ந்து போய்விடும்.