வியர்க்கும் டக்ட், துருவேறும் தகடு: டிஹியூமிடிஃபையரா, உறையா, பெயின்டா?

ரொறொன்ரோ வட்டாரத்து வீடுகளில் பேஸ்மென்ட் கூரையை ஒட்டி ஓடும் டக்ட் (காற்றுக்குழாய்) பெரும்பாலும் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடுதான். கோடையில் ஏசி ஓடும்போது அதற்குள் சுமார் 13 பாகை செல்சியஸில் காற்று போகிறது. பேஸ்மென்ட் 22 பாகையாகவும் ஈரப்பதம் 70 சதவீதமாகவும் இருந்தால், அங்குள்ள காற்றின் பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 16 பாகைக்குச் சற்று மேல். தகடு அதைவிடக் குளிர்ந்திருப்பதால் அதன்மேல் நீர் படிகிறது. ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்கு இறக்கினால் பனிநிலை 11 பாகைக்கு வந்துவிடும். தகடு காய்ந்தே கிடக்கும்.

ஈரமும் உலர்வும் மாறிமாறி வந்தால் துத்தநாகம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து, தன்னைக் காக்கும் சாம்பல் படலம் ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். வாரக்கணக்கில் நனைந்தே கிடந்தால் அது நடக்காது. சுண்ணாம்புப் பொடி போன்ற வெள்ளைத் துருதான் மிஞ்சும். செந்துரு தெரிகிறதா, அந்த இடத்தில் துத்தநாகம் தீர்ந்துவிட்டது என்று பொருள். ஜி என்பது துத்தநாகப் பூச்சின் அளவைக் காட்டும் குறியீடு: ஜி90 தகட்டில்கூட ஒரு பக்கப் பூச்சு சுமார் 20 மைக்ரான்தான். ஜி60 தகட்டில் இன்னும் குறைவு.

எதையும் வாங்குமுன் துரு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குளிர்காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் நீளமான சப்ளை டக்ட் முழுக்கப் பரவியிருந்தால் காரணம் வியர்வை. ஃபர்னஸுக்கு மேலுள்ள ஏசி காயிலின் அடியிலோ ஹியூமிடிஃபையரின் கீழோ மட்டும் இருந்தால் அது கசிவு. கீழே சொல்லும் எந்த வழியும் அதற்குப் பயன்படாது. அடைத்த வடிகுழாயையோ தேய்ந்த வால்வையோதான் சரிசெய்ய வேண்டும். அப்படியே ஃபில்டரையும் பாருங்கள். அடைத்த ஃபில்டர் காற்றோட்டத்தைக் குறைத்து, டக்டை வழக்கத்தைவிடக் குளிராக்கிவிடும்.

காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையர் நோயின் வேரைத் தொடுகிறது. டக்டோடு சுவர், தரை, பெட்டிகளில் கட்டிவைத்த துணி எல்லாமே காய்கின்றன. வழக்கமான பேஸ்மென்டுக்கு 50 பைன்ட் மெஷின் (நாளுக்குச் சுமார் 24 லிட்டர்) போதும். 45 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். வாளியை நம்ப வேண்டாம்: அது நிரம்பியதும் மெஷின் நின்றுவிடும், வெளியூர் போன வாரத்தில்தான் டக்ட் நனையும். தரை வடிகாலுக்குச் சரிவாகக் குழாய் போடுங்கள். 500 வாட் மெஷின் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 6 யூனிட் மின்சாரம். கொஞ்சம் வெப்பத்தையும் அறையில் விடும். அது ஓடும்போது ஜன்னலைத் திறந்துவைப்பது வீண். வெளிக்காற்றின் பனிநிலை 20 பாகையைத் தொடும் ஜூலை நாட்களில், ‘காற்று வரட்டும்’ என்று ஜன்னலைத் திறப்பதே பல வீடுகளில் டக்டை நனைக்கிறது.

உறை வேறு வழியில் வேலை செய்கிறது. ஈரக் காற்று குளிர்ந்த தகட்டைத் தொடாமல் தடுக்கிறது. மாதாமாதம் மின்செலவு கிடையாது. ஆனால் அரைகுறையாகச் சுற்றினால் சுற்றாததைவிடக் கேடு: இடுக்கு வழியே நுழையும் ஈரம் கண்ணாடி இழைக்குள் தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் தகட்டைத் தின்னும். ஆகவே முதலில் டக்டை முழுக்கக் காயவிட்டு, இணைப்புகளை மாஸ்டிக் என்ற அடைப்புப் பசை பூசி அடையுங்கள். துணி டக்ட் டேப் வேண்டாம். அதன் பசை காய்ந்து உரிந்துவிடும். பிறகு வெளிப்பக்கம் ஃபாயில் ஒட்டிய, சுமார் 2 அங்குலத் தடிமனுள்ள ஆர்-6 (ஆர் எண் கூடக்கூட வெப்பக்காப்பு கூடும்) ஃபைபர்கிளாஸ் உறை. 8க்கு 20 அங்குல டக்டின் சுற்றளவு 56 அங்குலம். உறையை 64 அங்குலமாக வெட்டினால்தான் மூலைகளில் நசுங்காமலும், 2 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் உட்காரும். ஸ்டேப்பிள் அடித்த ஓட்டைகள் உட்பட ஒவ்வொரு மூட்டின் மேலும் ஃபாயில் டேப் ஒட்டுங்கள். 24 அங்குலத்துக்கு மேல் அகலமென்றால் அடிப்பக்கம் தொங்காமல் இருக்க, உறையைத் தாங்கிப் பிடிக்கும் பின் ஊசிகள் தேவை. ரிட்டர்ன் டக்டில் அறைக்காற்றே ஓடுவதால் அதைச் சுற்றுவது பணவிரயம்.

1980க்கு முந்தைய வீட்டில் டக்ட் மூட்டுகளில் வெள்ளைக் காகித டேப் இருந்தால் சுரண்டாதீர்கள், உரிக்காதீர்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். பரிசோதித்த பிறகே தொட வேண்டும்.

குமிழி ஃபாயில் உறை மலிவு, சுற்றவும் எளிது. டக்டோடு ஒட்டிச் சுற்றினால் அதன் காப்பு ஏறக்குறைய ஆர்-1தான். ஃபாயில் வெப்பக்கதிரைத் திருப்ப எதிரே காற்றிடைவெளி வேண்டும், ஒட்டிய பக்கத்தில் அது இல்லை. ஈரமான பேஸ்மென்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

துத்தநாகப் பெயின்ட் இவற்றுக்கு மாற்றல்ல. வியர்வையை அது நிறுத்தாது. ஈரத்தை அடக்கிய பின், செந்துரு படிந்த இடத்தைப் பளபளக்கும்வரை தேய்த்து, துடைத்து, காயவைத்து இரண்டு கோட் அடிக்கலாம். ஓட்டை விழுந்திருந்தால் தகட்டு ஒட்டு வைத்து, திருகாணி போட்டு, மாஸ்டிக் பூசுங்கள்.

இருபது டாலருக்குள் கிடைக்கும் ஈரப்பத மானியை ஒரு வாரம் டக்டின் அருகே தொங்கவிட்டால் தேர்வு எளிது. 60 சதவீதத்துக்கு மேல் நின்றால் முதலில் டிஹியூமிடிஃபையர். அதை ஓட்டியும் டக்ட் வியர்க்கும் இடங்களில் மட்டும் உறை. ஸ்காபரோவில் பலர் வாடகைக்கு விடும் பேஸ்மென்டுகளில் டக்ட் டிரைவாலுக்குள் மறைந்திருக்கும். சமையலும் குளியலும் ஈரத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். அங்கே உறை சுற்றக் கூரையை உடைக்க வேண்டும். ஆகவே டிஹியூமிடிஃபையரோடு, குளியலறை விசிறியின் குழாய் வீட்டுக்கு வெளியே போகிறதா, கூரை இடுக்கிலேயே முடிந்துவிடுகிறதா என்றும் பாருங்கள்.